கோடிங் கற்கும்போது உங்களை மடக்கிப் போட்ட எரர் எது?

அரைப்புள்ளி

கோடிங் கற்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. கணக்கு வரவில்லை, மூளை போதவில்லை என்று அவர்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். கிளறிக் கேட்டால் கதை வேறாக இருக்கும். ஒரு நாள் திரையில் சிவப்பாக ஏதோ வந்து நின்றது, என்னவென்று புரியவில்லை, கேட்க ஆளில்லை, மறுநாள் லேப்டாப்பைத் திறக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். அதனால் எந்த மொழியை முதலில் படிக்கலாம் என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். உங்களை மடக்கிய ஒரு இடம், அதைத் தாண்டிய விதம், அதை மட்டும் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். சி மொழியில் எண்ணை ஊகிக்கும் விளையாட்டு ஒன்று. ஒளித்து வைத்த எண் 7. ஆனால் 3 அடித்தாலும் 'சரியான விடை' என்று வந்தது, 100 அடித்தாலும் 'சரியான விடை'. கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஸ்பெல்லிங் சரி, அடைப்புக்குறி சரி, அரைப்புள்ளி கூடச் சரி. கடைசியில் பார்த்தால் 'இஃப்' அடைப்புக்குள் இரட்டைச் சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி. ஒற்றை என்றால் ஒப்பிடுவது இல்லை, 7ஐ எடுத்து, நாம் அடித்த எண்ணை வைத்திருக்கும் வேரியபிளில் போட்டுவிடுவது. போட்ட பிறகு அங்கே நிற்கும் மதிப்பு 7. சி மொழிக்குப் பூஜ்யத்தைத் தவிர மற்ற எண் எல்லாம் 'உண்மை'. அப்புறம் யார் எதை அடித்தால் என்ன, எல்லோருக்கும் வெற்றிதான்.

பைத்தானாக இருந்தால் இதே இடத்தில் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதும் முறையில் பிழை என்று விழுந்து உடனே தெரிந்திருக்கும். சி-யில் எச்சரிக்கைகளைக் காட்டு என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஜிசிசி கம்பைலரில் மைனஸ் குறியுடன் 'வால்' (-Wall) என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், இந்த ஒற்றைச் சமக்குறியை அதுவே சுட்டிக்காட்டும். இதை முதல் பாடத்திலேயே ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கணக்குப்பிள்ளை

கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே பைத்தான் கற்றவன் நான். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால் 5ம் 3ம் சேர்ந்து 53 ஆகிற கூத்து எல்லோருக்கும் நடப்பதுதான். 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும், 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். அதைத் தாண்டிவிட்டேன்.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. இரண்டு பட்டியல்களின் மொத்தம் ஒன்றுதானா என்று சரிபார்க்க ஒரு சின்ன புரோகிராம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானோ 'இல்லை' என்கிறது. சுருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒற்றை வரிக்கு வந்தேன். 0.1 + 0.2 என்று அடித்தால் வந்தது 0.30000000000000004. பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4! கணக்கு வேலை செய்கிறவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரே கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கெட்டுப்போகவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகும் அல்லவா? இரண்டை அடியாகக் கொண்ட முறையில் பத்தில் ஒரு பங்குக்கு அதே கதி. எங்கேயோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். எப்படி வெட்டுவது என்பதற்கு ஐஇஇஇ 754 என்று 1985லேயே ஒரு தரம் வந்துவிட்டது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதைத்தான் பின்பற்றுகின்றன, அதனால் மொழியை மாற்றினாலும் அந்த 4 கூடவே வரும்.

பணக் கணக்கு என்றால் இரண்டு வழி. தொகையை அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பைத்தானிலேயே இருக்கும் 'டெசிமல்' மாட்யூல் (தயாராக எழுதி வைத்திருக்கும் கோடுத் தொகுப்பு). அதிலும் ஒரு கண்ணி உண்டு. 0.1ஐ மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். வெறும் 0.1 என்று கொடுத்தால், ஏற்கெனவே வெட்டுப்பட்ட எண் அப்படியே உள்ளே போய்விடும்.

சுட்டெண்

என்னுடையது சின்னது. 'ராண்டம்' மாட்யூலைக் கற்றுக்கொள்ளும்போது, பயிற்சி ஃபைலுக்கும் ராண்டம் என்றே பெயர் வைத்திருந்தேன். இம்போர்ட் செய்தால் பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில் தேடி என் ஃபைலையே எடுத்துக்கொள்கிறது. 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று எரர். கோடில் எந்த வரியை மாற்றினாலும் போகாது. ஃபைல் பெயரை மாற்றினேன், போய்விட்டது. பைத்தான் 3.13 முதல், பெயர் மோதுகிறது என்று எரரிலேயே சொல்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாலைவகுப்பு

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் பைத்தான் சொல்லித் தருகிறேன். எனக்கு எரர் வந்த கதையைவிட, எரர் வந்ததும் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். படிப்பதில்லை! சிவப்பைப் பார்த்ததும் திரையை மேலே தள்ளிவிட்டுக் கோடுக்குப் போய்விடுவார்கள், ஏதோ ஒன்றை மாற்றுவார்கள், மறுபடி ரன் செய்வார்கள்.

ஒரு மாணவி, எந்த வேலையையும் நேர்த்தியாகச் செய்கிறவர். ஐந்து பெயர்கள் உள்ள லிஸ்ட், எல்லாவற்றையும் திரையில் காட்ட வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பை 1 முதல் 5 வரை ஓட விட்டிருந்தார். சில பெயர்கள் வந்தன, பிறகு இண்டெக்ஸ் எரர். அவர் உடனே 'ட்ரை, எக்ஸெப்ட்' போட்டு எரரை அமுக்கிவிட்டார். சிவப்பு போய்விட்டது. "சார், சரியாகிவிட்டது" என்றார். "திரையில் எத்தனை பெயர் இருக்கிறது, எண்ணிப் பாருங்கம்மா" என்றேன். நான்குதான் இருந்தது. லிஸ்டில் எண்ணிக்கை 0வில் தொடங்குகிறது, அதனால் முதல் பெயர் ஆரம்பத்திலேயே விட்டுப்போனது. 5 என்ற இடமே இல்லாததால்தான் கடைசியில் எரர். அதாவது தப்பு நடந்தது மேலே, கத்தியது கீழே. கத்தியதையும் வாயை மூடிவிட்டால் அப்புறம் யார் சொல்வது?

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எரர் வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். முதலில் கடைசி வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பைத்தானில் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு அதற்கு மேலே ஃபைல் பெயர், வரி எண். 3.10 வந்த பிறகு 'பிரிண்ட்' என்பதை எழுத்து மாற்றி அடித்தால்கூட, 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா?' என்று அதுவே கேட்கிறது. கேட்கிறவனுக்குப் பதில் சொல்லாமல் ஓடினால் எப்படி?

இப்போதெல்லாம் எரரை அப்படியே எடுத்து ஏஐ-யிடம் ஒட்டிவிடுகிறார்கள். அது புதுக் கோடு தருகிறது, ஓடுகிறது. அதில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் கை நிற்கிறது. ஆரம்பத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

புதுமுகம்

மாலைவகுப்பு சார், கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள். குழந்தை தூங்கிய பிறகு நள்ளிரவில் படிக்கிற எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் ஏஐ-யிடம் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். 'கோடு எழுதாதே, இந்த எரர் என்ன சொல்கிறது என்று மட்டும் விளக்கு' என்பேன்.

ஒரு லிஸ்டை இன்னொரு பெயரில் வைத்துக்கொண்டு, இரண்டாவதில் ஒன்றைச் சேர்த்தால் முதலாவதிலும் சேர்ந்துகொண்டே இருந்தது. எரரே வராத பிரச்சினை, நீங்கள் சொல்லும் கடைசி வரியும் கிடையாது. விளக்கம் கேட்டபோதுதான் சமக்குறி புது லிஸ்ட் எதையும் உண்டாக்கவில்லை, ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. தனி நகல் வேண்டுமென்றால் 'காப்பி' என்று கேட்டு வாங்க வேண்டும். ஏஐ சொன்னதை நம்பிவிடாமல், அடையாள எண்ணைக் காட்டும் 'ஐடி'யை இரண்டு பெயருக்கும் போட்டுப் பார்த்தேன், ஒரே எண் வந்தது.

மாலைவகுப்பு

'ஐடி' போட்டுச் சரிபார்த்தீர்கள் பாருங்கள், அதைச் செய்கிறவருக்கு என் கருத்து பொருந்தாதும்மா. ஒப்புக்கொள்கிறேன்.

தலைகீழ்

எனக்கு நடந்தது தமிழால் வந்த வினை. இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கும் சொல்லா என்று பார்க்கும் பயிற்சி எல்லாப் பாடத்திலும் உண்டு. ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரைத் திருப்ப பைத்தானில் [::-1] போதும். ஆங்கில எழுத்தில் 'மேடம்' கொடுத்தேன், 'ட்ரூ' வந்தது. ஆசையாக 'விகடகவி' கொடுத்தேன். 'ஃபால்ஸ்'!

நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. நமக்கு அது வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'வி' ஒரே எழுத்து இல்லை, வகரம் ஒன்று, இகரத்தின் மேல்விலங்கு ஒன்று, ஆக இரண்டு குறிகள். திருப்பினால் கடைசியில் இருந்த மேல்விலங்கு முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை அடுத்து 'வகடகிவ'. 'தாத்தா', 'பாப்பா' இரண்டுக்கும் இதே கதிதான். எரர் எதுவும் வரவில்லை. புரோகிராம் தன் கணக்கில் சரியாகத்தான் சொல்கிறது.

கணக்குப்பிள்ளை

இது எனக்கும் தேவைப்படும், பெயர்ப் பட்டியலில் எழுத்து எண்ண வேண்டியிருக்கிறது. எப்படிச் சரிசெய்தீர்கள்?

தலைகீழ்

'ஓப்பன்-தமிழ்' என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. அதில் 'கெட் லெட்டர்ஸ்' ஃபங்ஷனுக்குச் சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து லிஸ்டாகத் தரும். அந்த லிஸ்டைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவிக்கு 'ட்ரூ' வரும், நீளமும் 5. நான் முதலில் லைப்ரரி இல்லாமல் கையாலேயே எழுதினேன். பைத்தானோடு வரும் 'யூனிகோடுடேட்டா' மாட்யூலில் ஒவ்வொரு குறிக்கும் அதன் வகையைக் கேட்கலாம். வகை 'எம்' என்று தொடங்கினால் அது கொம்போ விலங்கோ காலோ புள்ளியோதான், முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். மற்றது எல்லாம் புது எழுத்து. ஒரு சின்ன லூப்தான். பெயர்களில் 'ஸ்ரீ' வந்தால் மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அது இந்த முறையில் இரண்டாக உடையும்.