நான்கு வண்டி டெஸ்ட் ரைடு பார்த்தாச்சு, குழப்பம்தான் அதிகமானது. உதவி தேவை (பொள்ளாச்சி – வால்பாறை, இருவர் பயணம்)

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய 125 சிசி வண்டியை இனி மாற்றியே ஆக வேண்டும். வீடு பொள்ளாச்சி, வேலை கிணத்துக்கடவு. தினமும் நான்கு வழிச் சாலையில் போய் வருகிறேன். மாமனார் வீடு வால்பாறையில் எஸ்டேட் பக்கம். மாதம் ஒரு முறையாவது நானும் மனைவியும் ஒரு பெரிய பையோடு மேலே போவோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. இப்போதைய வண்டி பாதி வளைவுகளை முதல் கியரில்தான் ஏறுகிறது.

கிளாசிக் 350, ஹண்டர் 350, ஹோண்டா ஹைனஸ் சிபி350, ட்ரையம்ப் ஸ்பீட் 400 நான்கையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த யு-டர்ன் வரை போய்த் திரும்பி வந்ததுதான். பழைய 125-லிருந்து இறங்கி எதில் ஏறினாலும் ஆகா என்றுதான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது.

ஒரு வண்டியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பில் ஓங்கிக் குத்தியது. இன்னொன்றில் 80-ல் கொஞ்ச நேரம் போனதும் வலது உள்ளங்கை மரத்துப்போனது. மற்றொன்றில் யு-டர்ன் போடும்போது வண்டி உள்பக்கம் சாயப் பார்த்தது, நுனிக்காலில் தாங்கிப் பிடித்தேன். எது எந்த வண்டி என்று சொல்லவில்லை. சொன்னால் அந்தந்த வண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவீர்கள், என் கேள்வி காணாமல் போய்விடும். என் உயரம் 5 அடி 4 அங்குலம்.

இதெல்லாம் வண்டியின் குறையா, அந்த டெமோ வண்டியின் குறையா, என் உடம்பின் குறையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கார்புரேட்டர் காலத்து ஆள்:
தம்பி, மூன்றும் மூன்று வேறு விஷயம்.

முதலில் இடுப்பு. டெமோ வண்டி ஊரே ஏறி ஓட்டுகிற வண்டி. அதன் டயரில் காற்று எவ்வளவு என்று ஷோரூமில் யாரும் தினமும் பார்ப்பதில்லை. பல இடங்களில் கண்டபடி ஏற்றி வைத்திருப்பார்கள். அடுத்த முறை கிளம்புமுன் பக்கத்து பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், ஒரு ஆள் போனால் ஒரு அளவு, இரண்டு ஆள் போனால் வேறு அளவு. அடுத்து பின் ஷாக். கிளாசிக்கிலும் ஹண்டரிலும் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது, ஆறு படி இருக்கிறது. ஷாக்கின் கீழ்ப்பக்கம் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும் வளையம், அதைத்தான் சி-ஸ்பேனரால் திருப்புவார்கள். யாரோ இருவர் உட்கார்ந்து போவதற்காக மேல் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அடுத்து ஒற்றை ஆளாக ஏறுகிற உங்களுக்கு இடுப்பு கழன்றுதான் போகும். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் எந்த வண்டியின் ஷாக்கையும் குறை சொல்லாதீர்கள். அப்புறம் ஒன்று, ஹண்டருக்கு 2025-ல் பின் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். டெமோ வண்டி அதற்கு முந்தியதா பிந்தியதா என்றும் கேளுங்கள்.

உள்ளங்கை மரத்துப்போவதற்கு எல்லோரும் உடனே இன்ஜின் அதிர்வைக் காரணம் சொல்வார்கள். பாதி நேரம் அது பிடிப்புதான். புது வண்டி, அதுவும் நம்முடையது இல்லை என்ற பயத்தில் ஆக்ஸிலரேட்டரை இறுக்கிப் பிடிப்போம். ஹேண்டில் கொஞ்சம் தள்ளி இருந்தால் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். அதே வேகத்தில் வயிற்றை இறுக்கி, முழங்காலால் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் மரத்தால் அதிர்வு. சரியாகிவிட்டால் உட்காரும் முறைதான் காரணம். கண்ணாடியையும் பாருங்கள், அந்த வேகத்தில் பின்னால் வருகிற லாரியின் நம்பர் கலங்கலாகத் தெரிந்தால் அதிர்வுதான், சந்தேகமே வேண்டாம்.

யு-டர்ன் சமாச்சாரத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. அது எடையும் உயரமும்.

மலைப்பாதை:
அண்ணா சொன்னதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். கிளாசிக் 195 கிலோ, சீட் உயரம் 805 மிமீ. ஹண்டரும் சிபி350-யும் 181 கிலோ, சீட் முறையே 790, 800. ஸ்பீட் 400 நான்கில் எடை குறைந்தது. காகிதத்தில் 5 மிமீ, 10 மிமீ என்பது ஒன்றுமே இல்லை. சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பதுதான் கால் எட்டுவதைத் தீர்மானிக்கிறது. அதனால் எண்ணைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து பாருங்கள், அதுவும் தினமும் போடுகிற செருப்பு அல்லது ஷூவோடு.

இன்னொரு சோதனை, யாரும் செய்வதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டி மேல் உட்கார்ந்தபடியே லேசான சரிவில் பின்னால் தள்ளிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் தினமும் அதைத்தானே செய்யப் போகிறீர்கள்? ஓட்டும்போது தெரியாத எடை அங்கே தெரிந்துவிடும்.

வால்பாறைக்கு வருகிறேன். அந்த ரோட்டில் உங்களுக்கு வேண்டியது உச்ச வேகம் இல்லை. கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்து நின்றால், நீங்களும் நிறுத்தி, பின்னால் ஆளோடும் பையோடும் ஏற்றத்தில் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த ஆர்பிஎம்-மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) இழுவை, அதாவது டார்க் வேண்டும். சிபி350-க்கு 30 நியூட்டன் மீட்டர் டார்க் 3000 ஆர்பிஎம்-மிலேயே கிடைக்கிறது. கிளாசிக்குக்கும் ஹண்டருக்கும் ஒரே இன்ஜின், 27 நியூட்டன் மீட்டர், 4000-ல். ஸ்பீட் 400-க்கு 37.5, ஆனால் அது 6500-ல் வருவது. பவர் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 40 பிஎஸ் அளவு, அதுவும் 8000-ல்.

ரெண்டாம் கியர்:
டார்க் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை ப்ரோ. உச்சம் 6500-ல் என்றால் அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் இல்லையே. ஆறு கியர் இருக்கிறது, ரேஷியோ வேறு, எடை குறைவு. நான் ஸ்பீட் 400-ல் கொல்லிமலை 70 வளைவும் ஏறியிருக்கிறேன், இழுவை இல்லாமல் எங்கும் திணறவில்லை. கியரைக் கொஞ்சம் அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அது பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் கேள்வி. சிலருக்கு அதில்தான் சுகமே.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஸ்பீட் 400 398 சிசி, கோட்டுக்கு அந்தப் பக்கம். அதற்கு முன்னால் எடுத்த வீடியோக்களில் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நான்குக்குமே இன்றைய ஆன் ரோடு விலையை எழுதி வாங்குங்கள். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும், அதுவும் அந்தத் தொகைக்குள் இருக்கிறதா பாருங்கள்.

பில்லியன் பார்ட்டி:
பதில் சொன்ன எல்லாரும் ஹேண்டில் பிடிக்கிறவர்களாகவே இருக்கிறீர்கள். வால்பாறை வரை பின்னால் உட்காரப் போகிறவரை யாராவது கேட்டீர்களா?

நான் பதினைந்து வருஷமாகப் பின் சீட் ஆள். அண்ணா, அடுத்த முறை அண்ணியைக் கூட்டிப் போங்கள். சீட் மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஷோரூமில் உட்கார்ந்தால் எல்லா சீட்டும் மெத்தென்றுதான் இருக்கும். பார்க்க வேண்டியது, கால் வைக்கும் இடம் எவ்வளவு மேலே இருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது, பிரேக் போட்டால் முன்னால் சரிகிறாரா, பின்னால் பிடிக்கக் கம்பி கைக்கு வசதியாக வருகிறதா, ஒரு பக்கமாக உட்கார்ந்தால் சைலன்சர் சூடு காலில் படுகிறதா. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுபவர் முதுகில் மோதிக்கொண்டே வந்தால் இருவருக்கும் சண்டைதான் வரும். அனுபவம் :)

பையை எங்கே வைப்பீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு பேருக்கு நடுவில் பை என்றால் சீட் நீளம் வேண்டும்.

பொள்ளாச்சிக்காரன்:
நன்றி அண்ணா, ப்ரோ, தங்கச்சி. போன் போட்டுக் கேட்டேன். ஒரு இடத்தில் மனைவியை ஏற்ற விடமாட்டார்களாம். பின்னால் அவர்கள் ஆள்தான் உட்காருவாராம், அதுவும் அதே யு-டர்ன் வரைதான். இந்த லட்சணத்தில் மலைக்கு எங்கே போவது?

கார்புரேட்டர் காலத்து ஆள்:
அவர்கள் ஆள் உட்கார்ந்தால் நல்லதுதானே தம்பி, ஓசியில் பாரம் கிடைக்கிறது. ஆளோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நேர் ரோட்டில் விரட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஒரு யு-டர்ன், ஒரு வேகத்தடை, கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்கிற நெரிசல், ஒரு அவசர பிரேக். இவ்வளவு போதும். எல்லா வண்டியையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், மூன்றாவதில் ஏறும்போது முதலாவது மறந்துபோகும். இறங்கினதும் வண்டி பக்கத்திலேயே நின்று போனில் குரல் பதிவு போட்டு வையுங்கள். விற்பனை ஆள் வந்து பேச ஆரம்பித்துவிட்டால் உங்கள் கருத்து எது, அவர் கருத்து எது என்று பிரிக்க முடியாது.

மலைப்பாதை:
மலைக்கு வழி இருக்கிறது. கோவையில் வாடகை பைக் கடைகள் இருக்கின்றன, கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டிகள். இரண்டு வண்டி என்று சுருக்கிய பிறகு, அந்த இரண்டையும் தலா ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அண்ணியோடு வால்பாறை போய் வாருங்கள். லட்சக்கணக்கில் போடப் போகிற இடத்தில் இந்த வாடகை ஒரு செலவே இல்லை. வாடகை வண்டியின் கிளட்ச், செயின், பிரேக் எல்லாம் அடி வாங்கியிருக்கும், அதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். உட்காரும் விதம், எடை, இழுவை, சூடு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் கவனிக்க ஒன்று: இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்க வேண்டியிருந்தால் அந்த ரோட்டுக்குச் சரிவராது.

பொள்ளாச்சிக்காரன்:
அப்டேட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் குத்தின வண்டியை மறுபடி எடுத்தேன். பங்கில் காற்று பார்த்தால் பின் டயரில் கையேட்டு அளவைவிட எக்கச்சக்கம். பின் ஷாக் வளையமும் மேல் படியில்தான் இருந்தது. காற்றைக் குறைத்து, வளையத்தை இரண்டு படி இறக்கித் தரச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே செய்தார்கள். அதே வேகத்தடை, அதே வேகம், குத்தல் பெரும்பாலும் போய்விட்டது. அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. இதைக் கேட்காமல் விட்டிருந்தால் நல்ல வண்டியைப் பட்டியலிலிருந்து தூக்கியிருப்பேன்.

உள்ளங்கை விஷயத்தில் கையைத் தளர்த்திப் பார்த்தேன், மரத்துப்போகவில்லை. கண்ணாடியும் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த உட்காரும் முறையில் தினமும் போய் வர என் முதுகு ஒத்துக்கொள்ளாது என்று தோன்றுகிறது. வண்டி மேல் தப்பில்லை. ஸ்பீட் 400 அதனால்தான் வெளியே போனது. ரெண்டாம் கியர் ப்ரோ, மன்னிக்கவும், ஓட்டுகிற சுகம் நான்கில் அதில்தான், அதை மறுக்கவில்லை.

சரிவில் பின்னால் தள்ளுகிற சோதனையில் கிளாசிக் வெளியே. 14 கிலோ வித்தியாசம் என் கால் நீளத்துக்கு அதிகம். இதில் மனசு கொஞ்சம் வலித்தது, அந்த டேங்க் வடிவம் சின்ன வயசிலிருந்து பார்த்த ஆசை.

மிச்சம் ஹண்டரும் சிபி350-யும். ஊருக்குள் ஹண்டர் அப்படித் திரும்புகிறது, சந்தைக் கூட்டத்தில் நுழைந்து வர அதற்கு ஈடில்லை. பிறகுதான் பார்த்தேன், அதன் வீல்பேஸ் (இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம்) 1370 மிமீ, சிபி350-க்கு 1441. நீளம் குறைந்ததன் மறுபக்கம் மனைவி ஏறினதும் தெரிந்தது. இரண்டையும் மலைக்குக் கொண்டு போனோம். சிபி350-ல் எங்களுக்கு நடுவே பையை வைத்தும் அவளுக்கு இடம் இருந்தது. ஹண்டரில் பை என் முதுகைத் தள்ளியது, டேங்க் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆனது. ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி நின்றுவிட்டது. சிபி350-ல் இரண்டாம் கியரில் நின்றதை மறந்துபோய் அப்படியே எடுத்தேன், ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு ஏறிவிட்டது. கீழே இறங்கினதும் அவளிடம் எது என்றேன். "அந்த நீள வண்டி" என்றாள். பெயர்கூடத் தெரியாது.

சிபி350 தான். சர்வீஸுக்குக் கோவை போக வேண்டும், ஆனால் வேலை பாதி வழியில்தான் என்பதால் பரவாயில்லை.

ரெண்டாம் கியர்:
மன்னிப்பெல்லாம் எதற்கு ப்ரோ, உங்கள் முதுகு உங்கள் முதுகு. அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர், மெயின் ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து வருகிறது, காட்டு ரோட்டில் பஞ்சர் ஆனாலும் பிழைத்துக்கொள்வீர்கள். கையடக்க காற்று பம்ப் ஒன்றும் பஞ்சர் கிட்டும் வாங்கி வையுங்கள்.

பில்லியன் பார்ட்டி:
அண்ணி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் :) வண்டி வந்ததும் சேலை கார்டைக் கழற்றிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். சம்மதிக்காதீர்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
கண்டிப்பாகக் கழற்ற மாட்டேன் தங்கச்சி. கடைசியாக ஒரு சந்தேகம் அண்ணா, டெலிவரி எடுக்கும் அன்று எதைப் பார்க்க வேண்டும்?

கார்புரேட்டர் காலத்து ஆள்:
பகல் வெளிச்சத்தில் போங்கள். வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இன்வாய்ஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், தயாரித்த மாதம் எது என்றும் கேளுங்கள். டேங்க், சைலன்சர், ஹேண்டில் முனைகளில் கீறல் இருக்கிறதா, ஓடோமீட்டரில் கிலோமீட்டர் அதிகமாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சாவியும் டூல்கிட்டும் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் நேராக பங்குக்குப் போய் முதலில் காற்று பாருங்கள்.