எந்தக் கொலை டிவிக்கு வருகிறது? (ஒரு குடும்பக் குழு அரட்டை)

ராஜி சித்தி: மூன்று நாளாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் பெண்ணின் கொலைதான். பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது. கயல், இனிமேல் ராத்திரி வகுப்புக்குத் தனியாகப் போகாதே.

செந்தில்: சிசிடிவி காட்சி முழுதாக வந்திருக்கிறது, பாருங்கள். (வீடியோ)

கயல்: அண்ணா, தயவுசெய்து அதை இங்கே போடாதீர்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் இதை யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாலே தாங்கவில்லை.

செந்தில்: சரி, எடுத்துவிட்டேன். யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். ஆனால் இவ்வளவு கொடூரமாக நடந்ததால்தானே நாடே பேசுகிறது?

கயல்: எனக்கு அதுதான் சந்தேகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் 28,522 கொலை வழக்குகள். சராசரியாக ஒரு நாளைக்கு 78. மாமா, நீங்கள் இத்தனை வருஷம் பத்திரிகையில் நியூஸ் டெஸ்க்கில் இருந்தீர்களே, மீதியெல்லாம் எங்கே போகின்றன?

சுந்தரம் மாமா: மாவட்டப் பதிப்புக்குப் போகும், கயல். அங்கேயே முடிந்தும் போகும். பகுதிநேர நிருபர் காவல் நிலையத்தில் கேட்டு எட்டு வரி அனுப்புவார். ஒரு பத்தி அகலச் சின்னச் செய்தியாக வரும். பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியாது.

சுந்தரம் மாமா: அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால், டெஸ்க்கில் ஒருவர் "இதை எல்லாப் பதிப்பிலும் போடு" என்று சொல்ல வேண்டும். பக்கம் முடிக்கிற அவசரத்தில் எடுக்கிற முடிவு அது. அப்போது முதலில் வருகிற கேள்விகள் இவைதான்: இறந்தவர் யார், என்ன வேலை பார்த்தார், போட்டோ இருக்கிறதா. கொடூரம் எவ்வளவு என்பது அப்புறம்தான். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

செந்தில்: நம்பக் கஷ்டமாக இருக்கிறது மாமா.

சுந்தரம் மாமா: 2006-ஐ எடுத்துக்கொள், செந்தில். அந்த நவம்பரில் நொய்டாவில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத் தலைவரின் மூன்று வயது மகனைக் கடத்திவிட்டார்கள். எல்லாச் சேனலும் அந்த வீட்டு வாசலில்தான் நின்றன. போலீஸ் அத்தனை பேரையும் இறக்கித் தேடியது. சில நாளில் பையன் பத்திரமாகத் திரும்பிவிட்டான். நல்ல விஷயம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சுந்தரம் மாமா: அதே நொய்டாவில், நிதாரி என்ற இடத்தில், ஏறக்குறைய இரண்டு வருஷமாகக் குழந்தைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கூலி வேலை, வீட்டு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். பெற்றோர் புகார் கொடுக்கப் போனால் போலீஸ் விரட்டியது. நொய்டா ஃபிலிம் சிட்டியில்தான் டிவி சேனல்களின் ஸ்டுடியோக்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து நிதாரி சில கிலோமீட்டர்தான். நேரலை ஒளிபரப்பும் ஓபி வேன் ஒன்றுகூடப் போகவில்லை. 2006 டிசம்பர் கடைசியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் போயின.

ராஜி சித்தி: ஐயோ.

கயல்: அந்த வழக்கு கடைசியில் என்ன ஆனது மாமா?

சுந்தரம் மாமா: 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, கைதான பங்களா உரிமையாளர், அவருடைய வேலைக்காரர் இரண்டு பேரையும் தன் முன் இருந்த வழக்குகளிலிருந்து விடுவித்தது. முதல் குழந்தை காணாமல் போனபோதே நான்கு கேமரா அங்கே நின்றிருந்தால் போலீஸ் அப்போதே தேடியிருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

செந்தில்: அப்படியென்றால் தூரம் காரணம் இல்லை, ஆள்தான் காரணம் என்கிறீர்கள்.

சுந்தரம் மாமா: தூரமும் உண்டு. அதே 2006 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவில் கைர்லாஞ்சி கிராமத்தில் ஒரு தலித் குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள் என நாலு பேரை அடித்தே கொன்றார்கள். கள்ளத்தொடர்பு விவகாரம் என்று முதலில் எழுதிவிட்டார்கள். தலித் மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் பெரிய பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கயல்: இது நம் நாட்டோடு முடியவில்லை. 2021-ல் அமெரிக்காவில் காதலனோடு பயணம் போன ஒரு வெள்ளைக்காரப் பெண் காணாமல் போய், வயோமிங் மாநிலத்தில் உடல் கிடைத்தது. உலகமே அதைப் பார்த்தது. அதே மாநிலத்தில் 2011 முதல் 2020 வரை பூர்வகுடிகள் 710 பேர் காணாமல் போனதாகப் புகார் வந்திருக்கிறது. கொலையான பூர்வகுடிகளில் 30 சதவீதம் பேரைப் பற்றித்தான் பத்திரிகையில் செய்தி வந்தது, வெள்ளையர் என்றால் 51 சதவீதம். வயோமிங் பல்கலைக்கழகத்து ஆய்வு இது. க்வென் ஐஃபில் என்ற பத்திரிகையாளர் 2004-லேயே இதற்கு "காணாமல் போன வெள்ளைப் பெண் நோய்" என்று பெயர் வைத்துவிட்டார்.

ராஜி சித்தி: 2012 டெல்லி நிர்பயா வழக்கு? அந்தப் பெண் பெரிய இடத்துப் பெண் இல்லையே அண்ணா. சாதாரணக் குடும்பம்தானே?

சுந்தரம் மாமா: சரியான கேள்வி ராஜி. ஆனால் நடந்தது தலைநகரில். படிக்கிற பெண், படம் பார்த்துவிட்டு நண்பரோடு பஸ் ஏறியவர். செய்தி எழுதியவர்கள் அவரிடத்தில் தங்கள் மகளை, தங்கையைப் பார்த்தார்கள். மாணவர்கள் இந்தியா கேட்டில் கூடினார்கள். கேமராக்கள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. ஒரு வாரத்தில் சட்டத்தைத் திருத்தப் பரிந்துரை தர நீதிபதி வர்மா குழு அமைத்தார்கள், ஒரே மாதத்தில் அறிக்கை, 2013-ல் சட்டமே மாறியது. அந்த வருஷம் நாட்டில் 24,923 பாலியல் வன்கொடுமை வழக்குகள் பதிவாகியிருந்தன.

கயல்: செய்தியாவதால் இவ்வளவு நடக்கும் என்றால், செய்தியாகாமல் போனவர்களுக்கு என்ன இழப்பு என்பதும் புரிகிறது. அதுதான் மாமா எனக்கு ஆறவில்லை.

ராஜி சித்தி: எனக்குப் பயம் போகவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கயல்: சித்தி, உங்கள் பயத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 28,522-இல் அதிகமான கொலைகளுக்குக் காரணம் தகராறு, 9,962 வழக்கு. அடுத்தது முன்பகை. முகம் தெரியாதவன் இருட்டில் பாய்வதைத்தான் டிவி திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அதிகம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிட ஆபத்தாகத் தெரிகிறது என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பல வருஷம் ஆராய்ந்து எழுதினார். ராத்திரி வகுப்பு முடிந்ததும் போன் பண்ணுகிறேன், சரியா?

ராஜி சித்தி: பண்ணு. மறக்காதே.

சுந்தரம் மாமா: ஒன்று சொல்ல வேண்டும். 2011-ல் ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மகளைப் புருஷன் வீட்டில் எரித்துவிட்டார்கள், நீங்கள் நாலு வரி போட்டிருக்கிறீர்கள், அதிலும் "தீக்குளித்து" என்று இருக்கிறது என்றார். காவல் நிலையத்தில் சொன்னதை அப்படியே போட்டிருந்தோம். அந்த நாலு வரியை வெட்டிச் சுருக்கியது நான். விசாரித்துப் போடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். விசாரிக்கவில்லை.

செந்தில்: மாமா...

சுந்தரம் மாமா: அந்தக் கட்டிங் இன்னும் என் டைரியில் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

கயல்: அனுப்புங்கள் மாமா. அதில் காவல் நிலையத்தின் பெயர் இருக்கிறதா? வருஷமும் ஸ்டேஷனும் தெரிந்தால் குற்ற எண்ணை (எஃப்.ஐ.ஆர். எண்) கேட்டுப் பார்க்கலாம். அது கிடைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கைத் தேடிவிடலாம்.

சுந்தரம் மாமா: இருக்கிறது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.