35 ஆயிரத்துக்குள்ள ப்ராசசர்: ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்டா, ஏஎம்5ஆ?

மக்களே, ஒரு வாரமா மண்டை காயுது. வீட்டுல இருக்கிறது இன்டெல் ஐ3 2120 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம். எஸ்எஸ்டி போட்டேன், ஃபேன் கழட்டி பேஸ்ட் மாத்தினேன், பழைய ஐ7 2600 ஒண்ணு வாங்கி செருகியும் பாத்தாச்சு, பத்து நிமிஷ வீடியோவ எக்ஸ்போர்ட் போட்டுட்டு போய் சாப்டுட்டு வந்தாலும் பாதி கூட முடியல, விண்டோஸ் 11ம் இதுல ஏறாது.

போர்டு, ப்ராசசர், ரேம் மூணும் சேத்து 35 ஆயிரம். கிராபிக்ஸ் கார்டு இப்போ கிடையாது, அடுத்த வருஷம் போனஸ் வந்தா பாக்கலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல போன சனிக்கிழமை விசாரிச்சேன். ஒரு கடைக்காரர் ரைசன் 5 5600ஜி போதும்னாரு, ஆனா அது உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்ல (போர்டுல ப்ராசசர் செருகுற இடம்) 5000 சீரிஸோட கதை முடிஞ்சுது. பக்கத்து கடையில ரைசன் 5 8500ஜி, ஏஎம்5 போர்டுன்னாங்க, சாக்கெட்டுக்கு ஆயுசு இருக்கு, ஆனா டிடிஆர்5 ரேம் விலைய கேட்டா தல சுத்துது, அதுவும் போக அந்த சிப்ல கிராபிக்ஸ் கார்டுக்கு நாலு லேன்தான் (டேட்டா போற பாதை) கிடைக்கும். இன்டெல் ஐ3 12100 நாலு கோர்தான், எனக்கு மனசு வரல.

மூணு வருஷம் கழிச்சு ப்ராசசர மட்டும் மாத்துற மாதிரி இருக்கணும்னா, இப்பவே 8500ஜிக்கு போறது சரியா, இல்ல 5600ஜி வாங்கி மிச்ச காச கார்டுக்கு வெக்கட்டுமா?