வேறு உலகத்தில் ஒரு கொலை: உங்களை உலுக்கிய கதை எது?

துப்பறியும் கதைதான், ஆனால் நடப்பது நம் உலகத்தில் இல்லை. கூடவே கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் மாயம். இந்த வகையில் நீங்கள் வாசித்தது, விளையாடியது, பாதியில் தூக்கிப் போட்டது எதுவானாலும் எழுதுங்கள். கதைச்சுருக்கம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். வாசித்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். கொலைகாரன் யார் என்பதை மட்டும் தயவுசெய்து போட்டு உடைக்க வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். சைனா மியெவில் எழுதி 2009இல் வந்த ‘தி சிட்டி அண்ட் தி சிட்டி’. பெசெல், உல் கோமா என்று இரண்டு நகரங்கள், ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில் எங்கோ. இரண்டும் ஒரே நிலத்தில் இருக்கின்றன. ஒரு தெரு முழுக்க பெசெல், அடுத்தது முழுக்க உல் கோமா, சில தெருக்கள் இரண்டுக்கும் பொது. பொதுத் தெருவில் எதிரே வருபவர் அந்த ஊர்க்காரர் என்றால் அவரை நீங்கள் பார்க்கக் கூடாது. முட்டிக்கொள்ளாமல் விலகவும் வேண்டும், பார்த்ததாகவும் இருக்கக் கூடாது. நடை, உடை, நிறம் இவற்றை வைத்தே ‘அது அந்த ஊர்’ என்று கண்டுகொண்டு கண்ணை நகர்த்தச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். பக்கத்து வீடு அந்த நகரத்தில் இருந்தால், எல்லைச் சாவடிக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி, சுற்றிக்கொண்டு அதே தெருவுக்கே திரும்பி வர வேண்டும். மீறினால் பிரீச் என்றொரு அமைப்பு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

பெசெலில் ஒரு இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. போர்லு என்ற போலீஸ் அதிகாரி வருகிறார், விசாரிக்கிறார். அதுவரை சாதாரண போலீஸ் நாவல் மாதிரிதான் போகிறது. முதல் அத்தியாயம் முடியும் இடத்தில் தெருவில் ஒரு கிழவி நடந்து போகிறாள். போர்லு பார்க்கிறார். அவள் இந்தத் தெருவில் இல்லை, தான் அவளைப் பார்த்திருக்கவே கூடாது என்பது சட்டென்று உறைக்க, அவசரமாகக் கண்ணை எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிட்டது. பேய் கிடையாது, மந்திரவாதி கிடையாது. ஒரு சட்டம் மனிதனின் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொலை செய்தால் யார் சாட்சி சொல்வார்கள்?

போலீஸ் நாவல்களை விரும்பிப் படித்த தன் அம்மா நோய்ப்படுக்கையில் இருந்தபோது, அவருக்காகத்தான் மியெவில் இதை எழுதினார். அது தெரிந்த பிறகு இன்னொரு தடவை வாசித்தேன்.

*

மேலே உள்ளதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. பார்க்காமல் இருக்கப் பழகுவதற்கு பெசெல் வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பஸ் நிறுத்தம் ஒன்று, டீக்கடை ஒன்று, ரேஷன் கடை ஒன்று. ஊர்த்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் அந்த மூன்று இடத்திலும் தினமும் ஒன்றாகத்தான் நிற்போம். ஆனால் எங்கள் பக்கம் கண் திரும்பாது. மேலே படாமல் விலகிப் போகிற லாவகமும் அப்படியே இருக்கும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

நான் காலனிப் பக்கம். இந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போர்லுவின் கண்ணோடு எழுதுகிறார்கள். நான் அந்தக் கிழவி பின்னாலேயே போனேன். ஆசிரியர் போகவில்லை என்பதுதான் என் ஒரே குறை. மற்றபடி அருமையான புத்தகம்.

*

எனக்கு இந்த வகை மேல் ரொம்ப நாள் கோபம். நியாயமான கோபம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். துப்பறிகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் வாசகனுக்கும் தெரிய வேண்டும், அப்போதுதான் ஆட்டம். மாந்திரீகம் உள்ளே வந்தால் ஆட்டமே கெட்டுவிடும். வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு மர்ம நாவலில் (பெயர் வேண்டாம்) கைரேகை, காலடித்தடம், பூட்டிய அறை என்று புத்தகம் முழுக்க அலையவிட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ‘எல்லாம் ஒரு சாபம்’ என்று கையை விரித்துவிட்டார் ஆசிரியர். அன்றைக்கு விட்டவன்தான்.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கென்று பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் எதுவும் வரக் கூடாது என்பது அதில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தேவாலயத்தில் அற்புதம் உண்டு, கொலைக் கதையில் கிடையாது!

என்னைத் திரும்ப இழுத்தது ராண்டல் காரெட்டின் லார்ட் டார்சி கதைகள். 1960களில் வரத் தொடங்கியவை. 1199இல் பிரான்ஸில் ஒரு கோட்டையை முற்றுகை இட்டபோது அம்பு பட்டு இறந்தாரே இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், அவர் இந்தக் கதைகளில் பிழைத்துக்கொள்கிறார். அவர் வம்சம் இருபதாம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் சேர்த்து ஆள்கிறது. விஞ்ஞானம் வளர வேண்டிய இடத்தில் மந்திரம் வளர்ந்திருக்கிறது. படிப்பு உண்டு, உரிமம் உண்டு. டார்சிக்கோ மந்திரம் சுத்தமாக வராது. அவருடன் வரும் மாஸ்டர் ஷான் என்ற மந்திரவாதிதான் தடயவியல் நிபுணர். இந்தப் பொத்தான் இந்தச் சட்டையிலிருந்து பிய்ந்ததா, இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று மந்திரம் போட்டுப் பார்த்துச் சொல்வார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்பதையும் சொல்லிவிடுவார். மிச்சத்தை டார்சி யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

‘டூ மெனி மஜிஷியன்ஸ்’ என்ற நாவலில் மந்திரவாதிகள் மாநாடு நடக்கும் லண்டன் ஹோட்டலில், பூட்டிய அறைக்குள் ஒரு மந்திரவாதி கொலை. ஹோட்டல் முழுக்க மந்திரவாதிகள் இருந்தும் விடை நேர்மையான விடை. இருட்டு என்று பார்த்தால் இதில் அதிகமில்லை, பிரபு வீட்டு வாசனை கொஞ்சம் தூக்கலாக அடிக்கும். ஆனால் மாயம் வந்தால் துப்பறிவது செத்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எது முடியும், எது முடியாது என்பதைக் கொலைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும். பிறகு சுவர் வழியாக நடந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

*

புத்தகம் இல்லை, கேம். சேர்த்துக்கொள்வீர்களா? டிஸ்கோ எலிஸியம், 2019. எஸ்தோனியாவில் ஆரம்பித்த குழு செய்தது. சண்டை கிண்டை எதுவும் கிடையாது, முழுக்கப் பேச்சு. ஆங்கிலம் எனக்குத் தகராறு, அகராதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் விளையாடினேன்.

நாம் ஒரு போலீஸ் துப்பறிவாளர். விடுதி அறையில் தரையில் கிடந்து விழிக்கிறோம். குடித்த குடியில் தன் பெயர்கூட மறந்துபோயிருக்கிறது. அறை அலங்கோலம், டை சீலிங் ஃபேனில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் ஆரம்பத்திலேயே புத்திக்கு எல்லாப் புள்ளியும் போட்டுவிட்டு உடம்புக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எழுந்து லைட்டைப் போட்டேன். இருந்த போதையில் அந்த வெளிச்சமே தாங்கவில்லை, ஹார்ட் அட்டாக், கேம் ஓவர். துப்பறிகிறவர் அறையை விட்டு வெளியே வருமுன்னே செத்துப்போகிற கதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விடுதிக்குப் பின்னால் ஒரு மரம். அதில் ஒரு ஆள் ஒரு வாரமாகத் தொங்குகிறான். இறக்க ஆள் இல்லை, ஏனென்றால் அது நம் வேலை. நாம்தான் மூன்று நாளாக வந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு பொடியன் பிணத்தின் மேல் கல்லெறிந்துகொண்டிருப்பான். அருகே போனால் நாற்றத்தில் வாந்தி வரும். கூட வந்திருக்கும் கிம் என்ற இன்னொரு அதிகாரி நோட்டும் கையுமாகப் பொறுமையாக நிற்பார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பொறுமைதான் கொல்லும். அப்புறம் வயர்லெஸில் ஸ்டேஷனைக் கூப்பிட்டு ‘என் பேட்ஜைக் காணோம், துப்பாக்கியையும் காணோம்’ என்று நாமே சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் மொத்த ஸ்டேஷனும் சிரிக்கும். இதற்கு முன்னால் எந்தக் கேமிலும் எனக்குக் காது சூடானது கிடையாது.

மண்டைக்குள் 24 திறமைகள் தனித்தனிக் குரலில் பேசும். ஒன்று பிணத்தோடு பேசச் சொல்லும், பேசினால் பிணம் பதில் சொல்லும். அது உண்மையா, இவன் மூளை செய்யும் வேலையா என்று கேம் நமக்குச் சொல்லவே சொல்லாது. மேலே ஒருவர் விதி முன்கூட்டித் தெரிய வேண்டும் என்றாரே, இங்கே ஒரே விதி: உன்னையே நம்பாதே.

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த உலகத்தில் நிலப்பரப்புகளுக்கு நடுவே பேல் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் தூரம், திசை, எண் எதுவும் நிற்காது. அதன் வழியாக லாரி ஓட்டிப் போய்வரும் ஒரு அம்மா வருவார். அதற்குள் போய்ப் போய், யார் யாருடையதோ பழைய ஞாபகங்கள் எல்லாம் அவர் தலைக்குள் சேர்ந்துவிட்டன. தன் இளமைக்காலம் மாதிரி ஆசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், எதுவும் அவருடையது இல்லை. கொலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும் நான் திரும்பத் திரும்ப அவரிடம் போய்ப் பேசினேன்.

*

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். மைக்கேல் சேபனின் ‘தி யிட்டிஷ் போலீஸ்மென்ஸ் யூனியன்’, 2007. ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கிய நாவல்.

ஐரோப்பிய யூத அகதிகளை அலாஸ்காவில் குடியேற்றலாம் என்று 1940 அளவில் அமெரிக்காவில் உண்மையாகவே ஒரு திட்டம் இருந்தது. அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசில் அது எடுபடவில்லை. நாவலில் எடுபட்டுவிடுகிறது. இலட்சக்கணக்கான சனம் சிட்கா என்ற இடத்துக்கு வருகிறார்கள், 1948இல் இஸ்ரேல் நிலைக்காமல் போகிறது, அலாஸ்காதான் கதி என்று ஆகிறது. ஆனால் அது அறுபது வருடத்துக்கு மட்டும் தந்த இடம். கதை தொடங்கும்போது தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு யார் எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் ஒரு மட்டமான ஹோட்டலில் கொலை. அதே ஹோட்டலில் குடியிருக்கும் லாண்ட்ஸ்மன் என்ற குடிகாரப் போலீஸ்காரர் விசாரிக்கிறார். செத்தவனின் அறையில் பாதி ஆட்டத்தில் விட்ட செஸ் பலகை ஒன்று இருக்கிறது. அவருக்குப் புதிதாக வந்த மேலதிகாரி அவருடைய முன்னாள் மனைவி. இருக்கிற வழக்குகளை எப்படியாவது மூடு, நாட்டையே திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்பது மேலிடத்து உத்தரவு. அப்படி இருக்க, பெயர் தெரியாத ஒரு ஹெரோயின் அடிமையைக் கொன்றது யார் என்று ஏன் தேட வேண்டும்? அவர் தேடுகிறார்.

எங்களுடைய அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும் வரைக்கும் அப்பா வீட்டுக்கு ஒரு நல்ல மேசை வாங்க விடவில்லை. ‘எங்கே தூக்கிக்கொண்டு திரிகிறது’ என்பார். தரையில் இருந்துதான் நானும் தங்கச்சியும் வீட்டுப்பாடம் செய்தோம். லாண்ட்ஸ்மன் ஹோட்டல் அறையிலேயே கிடப்பதற்கு விவாகரத்தும் குடியும் காரணம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த அறையைப் பார்த்ததும் அப்பாவின் மேசைக் கதைதான் விளங்கியது.

இரண்டாம் பாதியில் சதி பெரிதாகிப் பெரிதாகி எங்கேயோ போய்விடும், அது எனக்கு ஒட்டவில்லை. யூதர்கள் காத்திருக்கும் மீட்பரான மேசியா வந்துவிட்டாரா என்ற கேள்வி மட்டும் கடைசி வரைக்கும் நன்றாக இருட்டாகவே இருக்கிறது.

*

எல்லாம் பனியும் மழையுமாக இருக்கிறதே, வெயில் அடிக்கிற ஊர் ஒன்றும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: பி. ஜெலி கிளார்க்கின் ‘எ மாஸ்டர் ஆஃப் ஜின்’, 2021. ஆசிரியர் வரலாற்றுப் பேராசிரியர். 1912இல் கெய்ரோ. அரபுக் கதைகளில் வரும் பூதங்களான ஜின்கள் உலகத்துக்குள் வந்து, அவர்கள் துணையோடு எகிப்து வெள்ளைக்காரனைத் துரத்திவிட்டிருக்கிறது. ஜின் விவகாரங்களுக்கென்று தனி அமைச்சகம், அதில் ஃபாத்மா என்ற பெண் துப்பறிவாளர், கோட்டு, தொப்பி, கைத்தடியோடு. ஒரு ரகசியக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் எரிந்து கிடக்கிறார்கள். உடம்பு கரிந்திருக்கிறது, உடுத்திய துணியில் ஒரு பொட்டுச் சூடு இல்லை. அந்த ஒரு காட்சி போதும். கொலைகாரனை நான் பாதியிலேயே ஊகித்துவிட்டேன், அதனால் துப்பறியும் கதையாக முழு மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் அரசாங்க ஆபீஸில் கோப்பு தேடும் ஜின்னைப் பார்க்கவாவது வாசிக்கலாம்.

*

நாக்ஸ் பற்றி எழுதியவருக்கு: ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெயின்டட் கப்’ வாசித்தீர்களா? 2024இல் வந்தது, 2025இல் ஹ்யூகோ வாங்கியது. ஒரு பெரிய வீட்டில் அதிகாரி ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவர் உடம்பைக் கிழித்துக்கொண்டு ஒரு மரம் முளைத்துக் கூரை வரைக்கும் போயிருக்கிறது. விசாரிக்க வருவது தின் என்ற இளைஞன். பார்த்தது எதையும் மறக்காதபடி அவன் உடம்பை மாற்றியிருக்கிறார்கள். விசாரிக்கும்போது ஒரு சின்னக் குப்பியைத் திறந்து முகர்ந்துகொள்வான். பிறகு அதே குப்பியை முகர்ந்தால் அந்த இடத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் வரிசையாக வந்துவிடும். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆனா என்ற மேலதிகாரியிடம் போய் அதை அப்படியே ஒப்பிப்பான். அவர் அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். அவருக்குக் கிடைப்பதெல்லாம் அதற்கு முன்பே நமக்கும் கிடைத்துவிடுகிறது, ஒரு துரும்பு குறையாமல்.

வெளியே, மழைக்காலம் வந்தால் கடலிலிருந்து பிரம்மாண்டமான ஜந்துக்கள் கரையேறும். அவற்றைத் தடுக்கச் சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவர் பொறியாளர். சுவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டே வாசியுங்கள். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும்.