ஒரு சைட்டில் கற்றது அடுத்த சைட்டுக்குப் போய்ச் சேர என்ன வழி?

கேள்வி (கோவை_க்யூசி):
எங்கள் கம்பெனிக்கு இப்போது மூன்று அடுக்குமாடி வேலைகள் ஓடுகின்றன. மூன்றிலும் தூண் அடியில் ஹனிகோம்ப் (கலவை நிரம்பாமல் ஜல்லி வெளியே தெரியும் ஓட்டை). ஒரு சைட்டில் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அடுத்த சைட்டில் அதே இடத்தில் அதே கோளாறு வருகிறது. மாதக் கூட்டத்தில் பேசுகிறோம், அறிக்கையும் மெயிலில் போகிறது. பலன் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

சென்ட்ரிங்_மணி:
சார், மெயிலைப் படிப்பது இன்ஜினியர். கான்கிரீட் போடுவது மேஸ்திரியின் ஆட்கள். பாடம் அவர்கள் கண்முன் நடக்க வேண்டும், அதற்குச் சரியான நேரம் தூணைச் சுற்றி அடித்த பலகையைப் பிரிக்கும் காலைதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி தூண் பலகையை 16–24 மணி நேரத்தில் பிரிக்கலாம். அப்போது சென்ட்ரிங் மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்தவர், இன்ஜினியர் நால்வரும் அங்கே நிற்க வேண்டும். யாரும் பூசி மூடக் கரண்டியை எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கோளாறு இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். அடியைச் சுற்றி ஜல்லி தெரிந்தால், ஸ்டார்ட்டருக்கும் (தூண் அடியில் முதலில் போடும் சிறு கான்கிரீட்) பலகைக்கும் நடுவே சிமெண்ட் பால் ஒழுகியிருக்கிறது; ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஒரு மூலையில் மட்டும் என்றால் பலகை இணைப்பு சரியில்லை. கம்பி லேப் (இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் சேரும் இடம்) வரும் உயரத்தில் என்றால் நெருக்கத்தில் 20 மி.மீ. ஜல்லி சிக்கியிருக்கும். அங்கே 60 மி.மீ. நீடில் (வைப்ரேட்டரின் உள்ளே விடும் முனை) நுழையாது, 40 தேவை. அது அடிவரை இறங்குகிறதா என்று கான்கிரீட் வரும் முன்பே விட்டுப் பாருங்கள். 1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டினாலும் ஜல்லி தனியே பிரியும்.

அடுத்த தூணில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டேப், நீடில், கலவை மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை அடுத்த சைட்டுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்?

பில்லிங்_ராஜி:
கணக்குப் பக்கத்தையும் பாருங்கள். ஹனிகோம்ப் தெரிந்தவுடன் லேபர் கான்ட்ராக்டர் பில்லில் பிடித்தம் செய்தால், அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். அன்றோடு கற்றலும் முடிந்தது. அன்றே சொன்னால் செலவு கம்பெனிக்கு, மறைத்தால் அவருக்கு என்று வேலை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கம்பி வெளியே தெரியும் அளவுக்கு ஆழம் இருந்தால் பூச்சு கூடவே கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பிளானிங்_கண்ணன்:
கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் இருவரும் வளர்த்த லாஸ்ட் பிளானர் என்ற வேலைத் திட்டமிடல் முறை இதற்கு உதவும். வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு மேஸ்திரியும் முடித்துத் தருவதாகச் சொல்லும் வேலைகளை எழுதுங்கள். 20 சொல்லி 13 முடிந்தால் 65 சதவீதம். பாதி முடிந்தது கணக்கில் வராது. சதவீதத்தைவிட, மீதி 7 ஏன் நின்றது என்ற பட்டியல்தான் முக்கியம்: டிராயிங் வரவில்லை, பொருள் இல்லை, முந்தைய வேலை முடியவில்லை. மூன்று சைட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொதுவான காரணம் தெரியும். அதை ஆளுக்கு மதிப்பெண் போடப் பயன்படுத்தாதீர்கள். பயந்துபோய் குறைவாகவே ஒப்புக்கொள்வார்கள்.

கோவை_க்யூசி:
நன்றி. ஆட்களில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார்க்காரர்கள். அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

சென்ட்ரிங்_மணி:
புது சைட் தொடங்கும்போதே டிராயிங்கில் உள்ள அதே கம்பி, அதே பலகையோடு ஒரு மீட்டர் உயர மாதிரித் தூண் ஒன்று போடுங்கள். நன்றாகச் செய்த சைட்டிலிருந்து மேஸ்திரியையே அழைத்து வந்து முதல் இரண்டு கான்கிரீட்டுக்கு நிறுத்துங்கள். காகிதம் பத்து அனுப்புவதைவிட இது மேல். சரி, தவறு இரண்டுக்கும் படம் எடுத்து வைப்ரேட்டர் கொடுக்கும் ஸ்டோர் வாசலில் ஒட்டுங்கள். விளக்கத்தை அவர்கள் கேங்க்காரரே தம் மொழியில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும்.

பில்லிங்_ராஜி:
பலன் தந்தது என்று உறுதியான மாற்றத்தை போர் கார்டில் (கான்கிரீட் போடும் முன் கையெழுத்திடும் சரிபார்ப்புத் தாள்) ஏற்றிவிடுங்கள்: "தூண் அடியில் டேப் ஒட்டியதா?" அந்த வரிக்குக் கையெழுத்து இல்லாமல் கான்கிரீட் வண்டிக்குச் சொல்லக்கூடாது. ஒரு வரி சேர்க்கும்போது பயன்படாத பழைய வரி ஒன்றை எடுத்துவிடுங்கள். கார்டு ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.