புது ஃபைபர் வைஃபையில் பழைய பிஎஸ்3 சேர மாட்டேன் என்கிறது – உதவி தேவை

நெல்லைக்காரன்:
வணக்கம். துபாயில் இருக்கும் என் மச்சினன் லீவுக்கு வந்தபோது தன் பழைய பிஎஸ்3-ஐ (சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டி) என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்லிம் மாடல். டிஸ்க் போட்டால் நன்றாக ஓடுகிறது. இணையத்தில் மட்டும் சேரவில்லை.

வீட்டில் புதிதாகப் போட்ட ஃபைபர் இணைப்பு, ரவுட்டரும் அவர்கள் கொடுத்ததுதான். ஃபோன், லேப்டாப், டிவி எல்லாம் அந்த வைஃபையில் பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றன. பிஎஸ்3-இல் தேடினால் பக்கத்து வீட்டு வைஃபை, மாடி வீட்டு வைஃபை எல்லாம் பட்டியலில் வருகின்றன. எங்கள் வீட்டுடையது மட்டும் வரவே இல்லை. ஃபைபர் போட்டுக்கொடுத்த பையனிடம் கேட்டதற்கு, "சார், இது ரொம்பப் பழசு, இனிமே சேராது, புதுசு வாங்கிடுங்க" என்கிறான். நிஜமாகவே அவ்வளவுதானா?

கேம்பையன்:
அண்ணா, டிஎன்எஸ்ல 8.8.8.8 போட்டுப் பாருங்க. எனக்கு எப்பவும் அதுலதான் சரியாகும்.

பழையபெட்டி:
தம்பி, வைஃபை பெயரே பட்டியலில் வராதபோது டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித்தருவது) வரைக்கும் விஷயம் போகவே இல்லை. அதை அப்புறம் பார்க்கலாம்.

நெல்லைக்காரரே, புதுசு வாங்கத் தேவையில்லை. பிஎஸ்3 2006-இல் வந்தது. அதன் வைஃபை 802.11 பி, ஜி என்ற இரண்டு பழைய வகை மட்டும்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தவிர வேறெதையும் பார்க்காது. இப்போது கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் 2.4-ஐ அணைத்தே வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போய் 2.4-ஐத் திறந்து, அதற்கென்று ஒரு தனிப் பெயர் வையுங்கள். பிஎஸ்3-ஐ அந்தப் பெயரில் சேருங்கள்.

இன்னொன்று. வீட்டில் லேன் கேபிள் ஏதாவது கிடந்தால் ரவுட்டரிலிருந்து நேராகப் பெட்டிக்குச் சொருகிப் பாருங்கள். பெட்டியில் கோளாறா வைஃபையில் கோளாறா என்பது உடனே தெரிந்துவிடும்.

நெல்லைக்காரன்:
நன்றி. 2.4 அணைத்துத்தான் இருந்தது. திறந்து தனிப் பெயர் வைத்தேன், இப்போது பட்டியலில் வருகிறது. ஆனால் கடவுச்சொல் கொடுத்துச் சோதித்தால், முதல் வரியான 'ஐபி முகவரி பெறுதல்' என்பதிலேயே வெகுநேரம் நின்று, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறது. கடவுச்சொல் சரிதான், அதே பெயரில் ஃபோனைச் சேர்த்துப் பார்த்துவிட்டேன். லேன் கேபிள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேம்பையன்:
அப்போ டிஎம்இசட்-ல பிஎஸ்3-ஐப் போட்டுடுங்க அண்ணா, போர்ட் எல்லாம் மொத்தமா திறந்துடும்.

பழையபெட்டி:
டிஎம்இசட் என்பது ரவுட்டரில் ஒரு கருவியை மட்டும் முழுக்க வெளியே திறந்துவைக்கும் அமைப்பு, வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான வழி. இங்கே வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரோடேயே இன்னும் பேச்சு தொடங்கவில்லை. முகவரியே கிடைக்காத பெட்டிக்கு எந்த போர்ட்டை (இணைப்பு வரும் வாசலை) திறப்பது?

அந்தச் சோதனைத் திரையில் வரும் வரிகளை வரிசையாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் ஐபி முகவரி (ரவுட்டர் பெட்டிக்குக் கொடுக்கும் எண்), அது ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள விஷயம். அடுத்து இணைய இணைப்பு, அது ரவுட்டருக்கு வெளியே. டிஎன்எஸ் தகராறு இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் காட்டும். அதற்கப்புறம்தான் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் (சோனியின் ஆன்லைன் சேவை) என்ற வரி. எந்த வரியில் நிற்கிறதோ அதைத் தாண்டி எதையும் தொடாதீர்கள். எல்லாரும் சொல்வதை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, கடைசியில் எது கெடுத்தது என்று தெரியாமல் ரவுட்டரை ரீசெட் பண்ணுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்களுடையது முதல் வரியில் நிற்கிறது. ரவுட்டரில் பாதுகாப்பு முறை என்னவென்று பாருங்கள். டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பிஎஸ்3-ஆல் சேர முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையிலும் சில பழைய கருவிகள் முரண்டு பிடிக்கும். டபிள்யூபிஏ2 மட்டும் வையுங்கள். அப்புறம் அதே பக்கத்தில் 'வயர்லெஸ் மோட்' என்று ஒன்று இருக்கும். அது 'என் மட்டும்' என்றோ 'ஏஎக்ஸ் மட்டும்' என்றோ (இரண்டும் பிற்பாடு வந்த வைஃபை வகைகள்) இருந்தால் ஜி கருவி எதுவும் உள்ளே வராது. பி, ஜி, என் மூன்றும் கலந்ததாக மாற்றுங்கள். உங்கள் ஃபோன் இந்த இரண்டிலும் தடுமாறாது, பிஎஸ்3 தடுமாறும்.

நெல்லைக்காரன்:
மோட் 'ஏஎக்ஸ் மட்டும்' என்றுதான் இருந்தது. பாதுகாப்பு கலந்த முறையில் இருந்தது. இரண்டையும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன். ஐபி முகவரி வந்தது, இணைய இணைப்பும் வெற்றி! மகன் ஒரு ஆட்டமே போட்டுவிட்டான். ஆனால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழையப் போனால் சிஸ்டம் அப்டேட் வேண்டும் என்கிறது. செய்யலாமா? பழைய பெட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ரிச்சிதெரு:
சென்னையில் இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்த்த அனுபவத்தில் சொல்கிறேன் சார். அப்டேட் செய்யுமுன் ஒன்று பாருங்கள். விளையாட்டுகள் இருக்கும் வரிசையில் 'பேக்கேஜ் மேனேஜர்' என்றோ 'மல்டிமேன்' என்றோ ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அது ஜெயில்பிரேக் செய்த, அதாவது சோனியின் பூட்டை உடைத்து மென்பொருளை மாற்றிய பெட்டி. நம்மூர்க் கடைகளில் கைமாறும் பிஎஸ்3-களில் அது சகஜம். அப்படியே நெட்வொர்க்கில் நுழைந்தால் அந்தப் பெட்டியையோ கணக்கையோ தடை செய்துவிட வாய்ப்பு உண்டு. தடை விழுந்தால் ரவுட்டரில் நீங்கள் என்ன மாற்றினாலும் பயன் இல்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் தைரியமாக அப்டேட் செய்யுங்கள். இன்றைக்கும் சோனி இதற்கு அவ்வப்போது சின்னச் சின்ன அப்டேட் விடுகிறது. ப்ளூரே படங்களை ஓட்டத் தேவையான மென்பொருள் சாவியைப் புதுப்பிப்பதுதான் அதில் பெரும்பாலும். கவனிக்க வேண்டியது இரண்டு: நடுவில் கரண்ட் போகக் கூடாது, டிஸ்க் டிரைவ் நல்ல நிலையில் இருக்க வேண்டும். டிரைவ் பழுதான பெட்டியில் அப்டேட் பாதியில் நின்றுவிடும், அப்புறம் அதை மீட்பது தலைவலி. உங்களுக்கு டிஸ்க் ஓடுகிறது என்கிறீர்கள், பயமில்லை.

வைஃபையில் இறங்க நேரமானால் பென்டிரைவில் செய்யலாம். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பிஎஸ்3 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் சோனி தளத்திலிருந்து இறக்கிய கோப்பு. ஃபோல்டர் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள்.

நெல்லைக்காரன்:
மல்டிமேன் எதுவும் இல்லை. இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு அப்டேட் செய்துவிட்டேன், நல்லபடியாக முடிந்தது. ஆனால் இப்போது புதுத் தகராறு. கணக்கு என் பெயரில், ஃபோனில் உருவாக்கியது. பிஎஸ்3-இல் அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல் கொடுத்தால் 'தவறு' என்கிறது. ஃபோனில் அதே கடவுச்சொல் போட்டால் குறுஞ்செய்தியில் ஒரு எண் வருகிறது, அதைக் கொடுத்தால் திறக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரிபார்த்துவிட்டேன்.

பழையபெட்டி:
காரணம் அந்தக் குறுஞ்செய்திதான். இரண்டு படிச் சரிபார்ப்பு போட்ட கணக்கில் கடவுச்சொல்லுக்குப் பிறகு அந்த எண்ணையும் கேட்க வேண்டும். பிஎஸ்3-இல் அதைக் கேட்பதற்கான திரையே கிடையாது, அந்த வசதி வந்தது அதற்கெல்லாம் பிற்பாடு. அதனால் சரியான கடவுச்சொல்லையும் தவறு என்று சொல்லிவிடும். சோனியின் கையடக்கப் பெட்டிகளான பிஎஸ் வீட்டா, பிஎஸ்பி இரண்டிலும் இதே கதைதான்.

இதற்கென்று 'டிவைஸ் செட்டப் பாஸ்வேர்ட்' என்று ஒன்று இருக்கிறது. ஃபோனிலோ லேப்டாப்பிலோ சோனி கணக்குப் பக்கத்தில் நுழைந்து, பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் அதை உருவாக்கச் சொல்லலாம். எழுத்துகளும் எண்களும் கலந்து நீளமாக ஒன்று வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிஎஸ்3-இல் வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போடுங்கள். 'கடவுச்சொல்லைச் சேமி' என்பதையும் டிக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலரில் தட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

சிலர் இரண்டு படிச் சரிபார்ப்பையே எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். 2011 ஏப்ரலில் அந்த நெட்வொர்க்குக்குள் புகுந்து திருடியதில் சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரம் போனது, மூன்று வாரத்துக்கு மேல் சேவையே நின்றிருந்தது. அந்தக் கூடுதல் பூட்டு இருக்கட்டும்.

நெல்லைக்காரன்:
உள்ளே போய்விட்டது! மிக்க நன்றி. எழுத்தைத் தட்டத்தான் உயிர் போனது. இப்போது மகன் ஜிடிஏ 5, கிரான் டூரிஸ்மோ 6 இரண்டையும் போட்டு ஆன்லைன் போகப் பார்க்கிறான், இரண்டிலும் சேரவில்லை. ஸ்டோரில் என் டெபிட் கார்டும் போடமுடியவில்லை. இதற்கும் ரவுட்டரில் ஏதாவது செய்ய வேண்டுமா?

ரிச்சிதெரு:
வேண்டாம் சார், ரவுட்டரை இனிமேல் தொடாதீர்கள். கிரான் டூரிஸ்மோ 6-இன் ஆன்லைன் சேவை 2018 மார்ச் 28-இல் மூடப்பட்டது. பிஎஸ்3-க்கான ஜிடிஏ ஆன்லைன் 2021 டிசம்பர் 16-இல். இரண்டையும் தனி ஆளாக விளையாடலாம், கதைப் பகுதி முழுக்க அப்படியே இருக்கிறது. பிஎஸ்3-இல் ஆன்லைன் விளையாட்டுக்குக் கட்டணம் கிடையாது என்பது பெரிய வசதிதான், ஆனால் விளையாட்டுக்குப் பின்னால் சர்வர் உயிரோடு இருந்தால்தானே? டிஸ்க் வாங்குமுன் அந்த விளையாட்டின் சர்வர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கார்டு விஷயம்: பிஎஸ்3 ஸ்டோரில் 2021 அக்டோபரிலிருந்து கார்டு நேராகப் போட முடியாது. ஃபோனிலோ கணினியிலோ உங்கள் கணக்கின் வாலட்டில் பணம் ஏற்றிவிட்டு, பெட்டியில் அந்த இருப்பை வைத்து வாங்கலாம். கிஃப்ட் கார்டு வாங்கினால் கணக்கு எந்த நாட்டுக்கானதோ அந்த நாட்டுக் கார்டாக இருக்க வேண்டும். மச்சினனை துபாயில் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், உங்கள் இந்தியக் கணக்கில் ஏறாது. கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவும் விடமாட்டார்கள்.

கோவைக்காரி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு பிஎஸ்4. நெட்வொர்க்கில் நுழைவதெல்லாம் சரி, ஆனால் 'நேட் டைப் 3' என்று காட்டுகிறது. தம்பியோடு பார்ட்டியில் (குரல் அரட்டைக் குழு) சேர்ந்தால் குரல் கேட்பதில்லை. இங்கே படித்துவிட்டு டிஎம்இசட்-இலும் போட்டுப் பார்த்தேன், மாற்றமே இல்லை. பிஎஸ் பிளஸ் சந்தா இருக்கிறது.

பழையபெட்டி:
உங்கள் விஷயம் வேறு. நேட் டைப் 3 என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் பெட்டி வரை வர வழியில்லை என்று அர்த்தம். ரவுட்டருக்குள் போய் 'வேன் ஐபி' (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் அது உங்களுக்கே உரிய பொது முகவரி இல்லை. இணைப்பு கொடுப்பவர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார். சிஜிநேட் என்பார்கள். நீங்கள் உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் அவர் பக்கத்துக் கதவு மூடியே இருக்கும். 10 அல்லது 192.168-இல் தொடங்கினால் ஒன்று அதே சிஜிநேட், அல்லது வீட்டிலேயே ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது.

கோவைக்காரி:
100.72 என்று தொடங்குகிறது. ரவுட்டர் ஒன்றுதான்.

பழையபெட்டி:
அப்படியென்றால் சிஜிநேட்தான். கஸ்டமர் கேரில் 'கேம் ஓடவில்லை' என்று சொன்னால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். அதனால் 'எனக்குப் பொது ஐபி வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். எப்போதும் மாறாத நிலையான ஐபி தேவையில்லை, பொது ஐபி என்றால் போதும். சிலர் சும்மாவே மாற்றிக் கொடுப்பார்கள், சிலர் மாதாமாதம் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கோவைக்காரி:
நிலையான ஐபிதான் தருவோம், கட்டணம் உண்டு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நேட் டைப் 2. தம்பியின் குரல் நன்றாகக் கேட்கிறது, கொஞ்சம் அதிகமாகவே!

பழையபெட்டி:
நல்லது. டைப் 2 போதும், டைப் 1-க்கு ஆசைப்பட வேண்டாம். இப்போது அந்த டிஎம்இசட்-ஐ எடுத்துவிடுங்கள். பொது ஐபி வந்துவிட்டதால் அது இனி நிஜமாகவே வேலை செய்யும், பெட்டி முழுக்க வெளியே திறந்து கிடக்கும். ரவுட்டரில் யூபிஎன்பி (பெட்டி கேட்கும் போர்ட்டை மட்டும் தானே திறந்துகொடுக்கும் வசதி) மட்டும் ஆன் செய்துவிட்டு பிஎஸ்4-ஐ ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கப்புறமும் டைப் 2 என்றே காட்டினால் வேறெதுவும் செய்ய வேண்டாம்.