மஞ்சள் ஓரம் போட்ட ஸ்னேக் பிளான்ட்: இலையா, பக்கக்கன்றா?

மாடித்தொட்டி:
எட்டு இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில் 'லாரன்டியை' வகை ஸ்னேக் பிளான்ட். கிழங்கு நெருக்கித் தொட்டியே ஒரு பக்கம் புடைச்சிருக்கு. இதை நாலைந்து தொட்டியாக்கணும். தண்ணியில் வைத்த இலை அடியில் கொழகொழன்னு ஆகி நாறுது, ஏன்? மஞ்சள் ஓரம் மாறாம வர எது வழி?

செம்மண்:
மஞ்சள் ஓரம் வேணும்னா இலைப் பக்கமே போகாதீங்க. ஓரத்துத் திசுவில் பச்சையம் கிடையாது, நடுத்திசுவில் உண்டு. ஒரே இலைக்குள் ரெண்டு ஜாதி. வெட்டின இலையில் புதுக்குருத்து உள்திசுவிலிருந்து கிளம்புறதால முழுப்பச்சையாத்தான் வரும். கிழங்கின் மொட்டில் ரெண்டு திசுவும் இருக்கு, அதனால பக்கக்கன்று தாயைப் போலவே வரும்.

பிரிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணியை நிறுத்துங்க. தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்தா விரல் தடிமனில் கிழங்கு தெரியும். கன்று அரை அடியாவது இருக்கணும், தனக்குன்னு வேர் விட்டிருக்கணும். இலை மட்டும் இருந்து வேர் இல்லேன்னா இன்னும் ரெண்டு மாசம் தாயோடவே விடுங்க. ஸ்பிரிட்டில் துடைச்ச கத்தியால் ஒரே இழுப்பா வெட்டணும், பிய்க்கக் கூடாது. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலோ சமையல் பட்டைத்தூளோ தடவி ரெண்டு நாள் நிழலில் காயவிடுங்க.

மண்ணுக்கு ஆற்றுமணல் ரெண்டு பங்கு, செம்மண் ஒண்ணு, கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒண்ணு. உரம் இப்போ வேண்டாம். அஞ்சு இன்ச் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேரை அழுக வைக்கும். கிழங்கு மூடுற அளவுக்கு மட்டும் புதைச்சு, அஞ்சாம் நாள்தான் முதல் தண்ணி.

பச்சைவிரல்:
இலை அழுகினதுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டின கையோட தண்ணியில் போட்டதுதான். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டணும், மூணு நாளாவது ஆகும். அப்புறமும் அடி ஒரு இன்ச் மட்டும் நனையட்டும், வாரம் ஒருமுறை தண்ணி மாத்துங்க. கொழகொழத்த பகுதியை நல்ல திசு தெரியும் வரை வெட்டிட்டு மறுபடி காயவிட்டா மீதி இலை தேறும்.

முழுப்பச்சையா வந்தாலும் பரவாயில்லேன்னா, இலையை நாலு இன்ச் துண்டுகளா வெட்டுங்க. வெட்டும்போதே அடிப்பக்கத்தில் 'வி' மாதிரி கீறிடுங்க. எது மேல், எது கீழ்னு குழம்பினா கதை முடிஞ்சது, தலைகீழா நட்ட துண்டு வேர் விடாது. வேர் வர ஒண்ணு ரெண்டு மாசம், குருத்து எட்டிப்பார்க்க அதுக்கு மேலயும் ஆகும். அவசரக்காரங்களுக்கு இது சரிவராது.

மாடித்தொட்டி:
நன்றி. ஒரு கன்று வேரே இல்லாமல், கிழங்குத் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. தூக்கிப் போடவா?

செம்மண்:
வேண்டாம், கிழங்கு ஒட்டியிருந்தா பிழைக்கும். நாலு நாள் காயவிட்டு வெறும் மணலில் செருகி, சாயாம இருக்க குச்சி கட்டுங்க. பத்து நாளைக்கு ஒருமுறை மணல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணி விடணும். இலைகள் சேருற நடுக்குழிக்குள் தண்ணி நின்னா குருத்து அழுகிப் போச்சு. மழைக்காலத்தில் இதை வெளியே வைக்கவே வைக்காதீங்க. ஆட்டிப் பார்க்கும்போது அசையாம பிடிச்சா வேர் ஓடிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் மண்கலவைக்கு மாத்தலாம்.

பச்சைவிரல்:
வீட்டில் பூனை, நாய் இருந்தா வெட்டின துண்டுகளைத் தரையில் போடாதீங்க. கடிச்சா வாந்தி எடுக்கும்.